முடிசூட்டிய வணிகர்கள்

பொது அறிவுப் போட்டிக்கென வினா விடைகளை உருப்போட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, சென்ற கிழமை என் மேசையருகே வந்து நின்றாள். "ஐயா, முதல் உலக அழகி யார்? எந்த நாடு? எந்த ஆண்டு?" என்றாள். சுவீடன் நாட்டுக் கிகி ஆக்கன்சன், 1951 என்றேன். குறித்துக்கொண்டாள். "முதல் பிரபஞ்ச அழகி?" பின்லாந்து நாட்டு ஆர்மி கூசெலா, 1952. அதையும் குறித்துக்கொண்டாள். ஆனால் அவள் போகவில்லை. பென்சிலைக் கன்னத்தில் ஊன்றியபடி கேட்டாள்: "உலகத்திலேயே இவர்தான் அழகு என்று யார் ஐயா முடிவு செய்தார்கள்?"

வினா விடை நூல்கள் இதற்கு விடை தருவதில்லை. பெயர் உண்டு, நாடு உண்டு, ஆண்டு உண்டு. தராசு பிடித்த கை யாருடையது என்பது மட்டும் இல்லை. அந்தக் கையைத் தேடிப் புறப்பட்டேன். ஓவியம் அறிந்தவன் கை அன்று அது. கல்லுக்குள் உருவம் காணும் சிற்பியின் கையும் அன்று. காதலித்தவன் கையோ, பெற்று வளர்த்தவள் கையோ அன்று, அன்று! காட்சிசாலைக்காரர் கை! கடற்கரை விடுதிக்காரர் கை! நாளேடு விற்றவர் கை! நடனக்கூடம் நடத்தியவர் கை! நீச்சலுடை தைத்து விற்றவர் கை! அழகுக்கு முடி சூட்டிய கைகள் எல்லாம், அதே நாளில் கல்லாப்பெட்டியையும் திறந்த கைகள்!

வீண்பழி சுமத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

அமெரிக்க நாட்டிலே பார்னம் என்றொரு காட்சிசாலைக்காரர் இருந்தார். விந்தைப் பொருள்களையும் விலங்குகளையும், உடலமைப்பில் வேறுபட்ட மனிதர்களையும்கூட, நுழைவுச்சீட்டுக்குக் காட்டிப் பொருள் குவித்தவர். மலர்க் காட்சி, கோழிக் காட்சி, குழந்தைக் காட்சி என்று அவர் வைத்த பந்தயங்கள் பல. 1854ஆம் ஆண்டு அவருக்கு ஒரு புதுக் கருத்து உதித்தது. கோழிக்குப் பந்தயம் வைக்கலாமென்றால் பெண்ணுக்கு ஏன் வைக்கக்கூடாது? விளம்பரம் செய்தார், பரிசு அறிவித்தார். கோழி வந்தது, மலர் வந்தது. மதிப்போடு வாழ விரும்பிய பெண்கள் வரவில்லை! ஆள் வர வேண்டாம், படம் அனுப்பினால் போதும் என்று இறங்கி வந்தார் பார்னம். அழகிப் போட்டியின் வரலாறு பெண்கள் சொன்ன 'மாட்டோம்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. இதை எந்த வினா விடை நூலும் கேட்பதில்லை.

பார்னம் விதைத்தது பிறகு ஐரோப்பாவிலே முளைத்தது. 1888இல் பெல்சியத்து ஸ்பா நகரில் ஒரு போட்டி. அது மருந்து நீர்க் குளியலுக்கும் சூதாட்டத்துக்கும் செல்வர் கூடிய ஊர். குவாதலூப் தீவிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பெண் 5,000 பிராங்கு பரிசு பெற்றாள். 1908இல் இங்கிலாந்தின் போக்ஸ்டோன் கடற்கரையில் இன்னொன்று. 1920இல் பாரிசிலே மொரிஸ் தெ வாலெப் என்ற ஏட்டாளர், பெண்களின் உருவத்தைத் திரையரங்குகளில் காட்டி, படம் பார்க்க வந்தவர்களை வாக்களிக்க வைத்தார். வென்ற ஆக்னஸ் சூரே எட்டே ஆண்டுகளில், தாய்நாட்டுக்கு அப்பால் அர்செந்தீனாவிலே, இருபத்தாறு வயதில் நோயுற்று இறந்தார். பட்டம் வழங்கியவர்கள் அதற்குள் வேறு பல முகங்களைத் தேடிப் போய்விட்டிருந்தனர்.

ஆனால் இந்த வணிகத்துக்கு இலக்கணம் வகுத்த ஊர் அட்லாண்டிக் சிட்டி. அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள அந்த ஊருக்குக் கோடைதான் வாழ்வு. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, அவர்கள் கொண்டாடும் தொழிலாளர் நாள். அதோடு கோடை விடுமுறை முடிந்தது. கூட்டம் கலையும், கூட்டம் கலைந்தால் விடுதி வெறிச்சோடும், விடுதி வெறிச்சோடினால் கல்லா காற்று வாங்கும். என்ன செய்வது? ஆட்களை இன்னும் ஒரு கிழமை பிடித்து வைக்க வழி என்ன? 1920இல் சக்கர நாற்காலி ஊர்வலம் நடத்திப் பார்த்தார்கள். 1921இல் பெண்களைக் கொண்டுவந்தார்கள். பெண்களைத் தேர்ந்தனுப்பும் வேலையைப் பிற நகரங்களின் நாளேடுகள் ஏற்றுக்கொண்டன. மங்கையர் படம் அச்சிட்டால் ஏடு விற்கும்; அந்த மங்கை கடற்கரைக்குப் போனால் விடுதி நிரம்பும். இருவருக்கும் வரவு! தோழர்களே, அழகைப் போற்றும் ஆவல் இதில் எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்லுங்கள்.

வாஷிங்டன் நகரத்து ஏடு தேர்ந்தனுப்பிய மார்கரெட் கார்மன் வென்றார். அவருக்கு அப்போது வயது பதினாறு. ஏட்டினர் தேடிப் போனபோது அந்தச் சிறுமி பூங்காவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாள் என்று சொல்வார்கள். கோலிக்குண்டு பிடித்த கையிலே பொன் கடற்கன்னிச் சிலை ஒன்றைக் கொடுத்தார்கள். உயரம் ஐந்தடி ஓரங்குலம். எடை 108 பவுண்டு. மார்பு, இடை, இடுப்பு 30, 25, 32 அங்குலம். பதினாறு வயதுப் பெண்ணின் உடலளவை எழுத எனக்குக் கூசுகிறது. ஆயினும் எழுதினேன், நூறாண்டு கடந்த பின்னும் அவரைப் பற்றி எழுதுவோர் தவறாமல் எழுதுவது இந்த எண்களைத்தான். அவர் என்ன படித்தார், எதை விரும்பினார் என்பதை அவர்கள் எழுதுவதில்லை.

அந்த விழாவுக்குக் கடலரசன் வேடம் பூண்டு தலைமை ஏற்றவர் யார் தெரியுமா? ஹட்சன் மாக்சிம்! புகையில்லா வெடிமருந்தும், கப்பலைத் துளைக்கும் குண்டுக்கான வெடிபொருளும் ஆக்கியவர். மாக்சிம் துப்பாக்கி கண்ட ஹைரம் மாக்சிமின் உடன்பிறப்பு. அழகை வரவேற்க வெடிமருந்து வந்து நின்ற காட்சியைக் கற்பனையாக எழுதினால், 'மிகைப்படுத்துகிறான்' என்பார்கள். வரலாறு என்னைவிடத் துணிச்சலாக மிகைப்படுத்துகிறது!

பிறகு மதிப்பெண் முறை வந்தது. தலையமைப்புக்கு இத்தனை, கண்ணுக்கு இத்தனை, கைக்கு இத்தனை, காலுக்கு இத்தனை என்று உறுப்புக்கு உறுப்பு எண் போட்டுக் கூட்டினார்கள். மதிப்பெண் இடுவது என் தொழில். பிழையாக எழுதிய மாணவனுக்குக் குறைத்துப் போடும்போது, அடுத்த முறை அவன் திருத்திக்கொள்வான் என்ற நம்பிக்கையில் போடுகிறேன். கண்ணுக்குக் குறைத்துப் போட்ட நடுவர், அந்தப் பெண் எதைத் திருத்திக்கொள்வாள் என்று எண்ணினார்? மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்க்கும் தரகனாவது அதற்கு அழகு என்று பெயர் வைப்பதில்லை.

இதிலும் ஒரு வேடிக்கை. 1928இல் அந்தப் போட்டியை நிறுத்தினார்கள். பெண்ணின் மானம் கருதியா? இல்லை! ஊருக்குக் கெட்ட பெயர் வருகிறது, நல்ல குடும்பத்து விருந்தினர் வருகை குறைகிறது என்று விடுதிக்காரர்களே அஞ்சினார்கள். ஆதாயத்துக்காகத் தொடங்கியவர்கள் ஆதாயத்துக்காகவே நிறுத்தினார்கள். 1933இல் ஒரு முறை நடந்தது. 1935 முதல் மீண்டும் ஊன்றிக்கொண்டது.

ஊன்றிய பின் விதி ஒன்று வகுத்தார்கள். ஏழாம் விதி. போட்டியாளர் நல்ல உடல்நலம் உடையவராகவும் வெள்ளை இனத்தவராகவும் இருத்தல் வேண்டும்! மூதாதையர் யார், எந்த வழி வந்தவர் என்று எழுதித் தரும் படிவமும் இருந்தது. குலம் கேட்டுக் கோத்திரம் கேட்டு உள்ளே விடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தேன்; அட்லாண்டிக் கரையிலும் அதற்கு வாரிசு இருந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டு விழாவிலே கறுப்பினப் பெண்கள் மேடையேறினார்கள், ஆட்டக் காட்சியொன்றில் அடிமை வேடத்தில். 1950இல் விதியை ஏட்டிலிருந்து நீக்கினார்கள்; மனத்திலிருந்து நீங்க இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. 1970இல்தான் அயோவா மாநிலத்துச் செரில் பிரவுன் அந்தத் தேசியப் போட்டியில் நின்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

1945இல் அங்கே வென்றவர் பெஸ் மயர்சன். நியூயார்க்கின் எளிய யூதக் குடும்பத்து மகள். பெயரிலே யூத வாடை அடிக்கிறது, மாற்றிக்கொள் என்றார்கள் போட்டியை நடத்தியோர். மாற்ற மறுத்தார். மறுத்தும் வென்றார். ஆனால் வென்றவரைக் கொண்டு விளம்பரம் செய்வதாக இருந்த வணிக நிறுவனங்கள், யூதப் பெண் என்றதும் பின்வாங்கின. இட்லரின் கொலைக்கூடங்களின் கதவு திறந்து, உள்ளே நடந்ததை உலகம் கண்ட அதே ஆண்டு அது!

அனைத்துலகப் போட்டி என்ற பெயருக்கு வருவோம். டெக்சாசு மாநிலத்திலே கால்வெஸ்டன் என்ற தீவு நகரம். 1900இல் வீசிய சூறாவளியில் பல்லாயிரம் பேரைப் பறிகொடுத்த ஊர். மீண்டெழத் தவித்த அந்த ஊர் வணிகர்களும் கடற்கரைக் கூட்டத்தையே நாடினார்கள். 1920இல் நீராடும் மங்கையர் அணிவகுப்பு. 1926 முதல் பன்னாட்டுப் போட்டி. வென்றவருக்குப் பட்டம் 'மிஸ் யூனிவர்ஸ்'. விரல்விட்டு எண்ணத்தக்க சில நாட்டுப் பெண்களை ஒரு தீவின் கடற்கரையில் நிறுத்தி, வான்மீன்கள் அனைத்துக்கும் சேர்த்துப் பட்டம் வழங்கினார்கள்!

1929இல் அந்தப் பட்டம் ஆஸ்திரியாவின் லிசில் கோல்டார்பைட்டருக்கு. வியன்னா நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்த இருபது வயதுப் பெண். 2,000 டாலர் பரிசு. ஆலிவுட்டிலிருந்து அழைப்பு வந்தது. படத்தில் நடிக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். ஒன்பது ஆண்டு கழித்து, 1938இல், இட்லரின் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. இன அளவுகோல் கொண்டுவந்த அந்தக் கூட்டத்துக்குப் பிரபஞ்ச அழகி என்ற பட்டம் ஒரு பொருட்டா? அவர் போருக்குத் தப்பினார். இளமை முதலே அவரை நேசித்து, தம் படக்கருவியால் அவரைப் படமெடுத்துவந்த உறவினர் மார்சி டென்சரை, போர் முடிந்த பின் மணந்தார். அங்கேரியின் செகெட் நகரிலே அமைதியாக வாழ்ந்து 1997இல் மறைந்தார். அதே 1929இல் பாரிசில் ஐரோப்பிய அழகியாகத் தேர்ந்த அங்கேரியப் பெண் பெஸ்கெ சிமோனும் யூதரே. தாய்நாட்டிலே அவருக்குக் கிடைத்தது வரவேற்போடு கலந்த வெறுப்பு. முடிசூட்டிய கைகள் இவர்களுக்கு ஆபத்து வந்தபோது எங்கே போயின என்று கேட்பது வீண். கல்லாவை எண்ணிக்கொண்டிருந்த கைகள் வேறெங்கும் போகவில்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். 'துருக்கியைப் பார்! முகத்திரையிலிருந்து பெண் வெளியே வந்தது இந்தப் போட்டியால் அன்றோ?' என்று கேட்கும் நண்பர்கள் எனக்குண்டு. பார்த்தேன். சம்குரியத் என்ற நாளேடு 1929 முதல் அங்கே அழகிப் போட்டி நடத்தியது. 1932இல் ஸ்பா நகரில் துருக்கியின் கெரிமான் ஆலிஸ் வென்றார். கமால் அத்தாதுர்க் வாழ்த்தினார். பின்னர்க் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபோது 'எசே', அதாவது அரசி, என்ற பெயரையும் அளித்தார். கமாலின் சீர்திருத்தத்தை மதிப்பவன் நான். ஆனால் அவர் வாழ்த்திலும் துருக்கி இனத்தின் அழகே பேசப்பட்டது. ஒரு பெண்ணின் முகம் இனத்தின் சான்றிதழாயிற்று. துருக்கிப் பெண் உயர்ந்தது அந்த முடியினால் அன்று. 1930இல் நகராட்சித் தேர்தலில் கிடைத்த வாக்குரிமையால் உயர்ந்தாள்; 1934இல் நாடாளுமன்றத் தேர்தலில் கிடைத்த வாக்குரிமையால் உயர்ந்தாள். முடி ஒருத்தி தலையில் ஏறியது. வாக்குச்சீட்டு எல்லார் கையிலும் ஏறியது.

போர் முடிந்தது. வணிகம் மீண்டும் தொடங்கியது. 1951இல் இலண்டனிலே பிரித்தானியப் பெருவிழா. மெக்கா என்ற நடனக்கூட நிறுவனத்தின் எரிக் மோர்லி, விழாவுக்கு வரும் கூட்டத்தை ஈர்க்க ஒரு பிகினிப் போட்டி வைத்தார். பிகினி என்ற அந்தச் சொல்லையும் கவனியுங்கள். 1946 சூலை முதல் நாள், பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. நான்காம் நாள் கழித்துப் பாரிசில் லூயி ரெயார் என்பவர் தம் இரு துண்டு உடைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அத்தீவு மக்களை ஊரைவிட்டு வெளியேற்றியாயிற்று. ஊர்ப் பெயர் மட்டும் உடைக்கு வந்தது! முன்பு கடலரசன் வேடத்தில் வந்த வெடிமருந்து, இப்போது உடையின் பெயரில் வந்தது.

அந்த இலண்டன் போட்டிக்கு 'உலக அழகி' என்று பெயர் சூட்டியவை ஏடுகள். போட்டியாளரிலோ பெரும்பாலோர் பிரித்தானியப் பெண்கள். கிகி ஆக்கன்சன் பிகினியிலேயே முடிசூடினார். வாடிகன் கண்டித்தது, சமயப் பிடிப்புள்ள நாடுகள் விலகிக்கொள்வோம் என்றன. மோர்லி என்ன செய்தார்? அடுத்த ஆண்டு முதல் சற்றே பெரிய நீச்சலுடை! சமய உலகுக்கும் வணிக உலகுக்கும் இடையே நடந்த வழக்கு, துணியின் அளவிலே சமரசமாயிற்று. பெண்ணை யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் என் வழக்கு வேறுபடுகிறது. இந்தப் போட்டிகளை எதிர்த்தவர்களில் சமயத் தலைவர்கள் பலர். கால்வெஸ்டனிலும் கத்தோலிக்க ஆயர் எதிர்த்தார். அவர்கள் பக்கத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். உடல் பாவம், மூடு என்பவர் அவர். உடல் சரக்கு, திற என்பவர் இவர். மூடு என்பதற்கும் திற என்பதற்கும் நடுவே, 'அது அவள் உடலன்றோ' என்று சொல்ல இருவருக்கும் நா எழவில்லை. பெண் நீந்தட்டும், நீந்த ஏற்ற உடையை உடுத்தட்டும், கண்ணாடி முன் நின்று தன் எழிலில் தானே மகிழட்டும். அதில் எனக்கு வழக்கில்லை. நடுவர் வரிசையும், நாடாவும், அதற்குப் பின்னே திறந்திருக்கும் கல்லாவும்தான் என் வழக்கு.

அந்த வழக்கை என்னைவிடத் திறமாக எடுத்துரைத்தவர் ஒருவர் உண்டு. அவரே முடிசூடியவர்! அலபாமா மாநிலத்து யோலண்ட் பெட்பீசு, 1951ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க அழகி. கன்னிமாடப் பள்ளியில் பயின்றவர். இசை நாடகம் பாடுபவர். போட்டிக்குப் பணம் தந்தவற்றுள் ஒன்று கேட்டலினா என்ற நீச்சலுடை நிறுவனம். முடிசூடிய பெண் ஊர் ஊராகச் சென்று அவர்கள் சரக்கை உடுத்திக் காட்ட வேண்டும். பெட்பீசு மறுத்தார். தாம் பாடகி, சுவரில் ஒட்டும் படமல்ல என்றார். நூறாண்டுக்கு முன் பார்னமுக்குக் கிடைத்த அதே 'மாட்டேன்', இம்முறை முடியணிந்த தலையிலிருந்து வந்தது! நிறுவனம் சினந்தது. உறவை முறித்துக்கொண்டு, 1952இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சு நகரிலே தன் சொந்தப் போட்டியைத் தொடங்கிற்று. அதன் பெயர்தான் 'மிஸ் யூனிவர்ஸ்'. நம் வினா விடை நூலில் இடம்பெறும் பிரபஞ்ச அழகிப் பட்டம் பிறந்த கதை இது: நீச்சலுடை விற்க ஒரு பெண் மறுத்தாள், ஆகவே, மறுக்காத பெண்களைத் திரட்ட நிறுவனமே ஒரு பிரபஞ்சத்தைப் படைத்துக்கொண்டது.

பெட்பீசு பின்னாளில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியோருடன் நின்றார். அந்த முதல் போட்டியில் வென்ற ஆர்மி கூசெலாவுக்குப் பதினேழு வயது. அடுத்த ஆண்டே பிலிப்பைன்சுக்காரர் ஒருவரை மணந்து, பட்டத்தைத் துறந்து மணிலாவுக்குச் சென்றார். இந்தியாவின் பெயரில் லாங் பீச்சுக்குச் சென்றவர் சென்னையில் பிறந்த இந்திராணி ரகுமான். பரத நாட்டியத்தைப் பந்தநல்லூர் வழியில் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பயின்றவர். மணமாகிக் குழந்தை பெற்றவர். அவர் அங்கே வெல்லவில்லை. பிறகு ஒடிசியையும் குச்சிப்புடியையும் உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். இன்று அவர் பெயரை நாடறிவது நாட்டியத்தால். அளவு நாடா அவரிடம் அளக்கத் தவறியது எது என்று சொல்லவும் வேண்டுமோ!

நிறக்கணக்கையும் முடித்துவிடுகிறேன். 1951இல் பிறந்த உலக அழகிப் பட்டம் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்தது 1970இல். கிரனடா தீவின் சென்னிபர் ஓஸ்டன். 1952இல் பிறந்த பிரபஞ்சப் பட்டம் கிடைத்தது 1977இல். டிரினிடாட்டின் சனெல் கொமிசியோங். கறுப்பும் அழகென்று காண உலகத்துக்குப் பத்தொன்பது ஆண்டு, பிரபஞ்சத்துக்கு இருபத்தைந்து ஆண்டு!

'பெண்கள் விரும்பித்தானே வருகிறார்கள்?' இந்தக் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். கல்லூரி விடுதியில் என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த படங்களை நான் மறக்கவில்லை. நானும் சீட்டு வாங்காத நடுவனாக இருந்தவன்தான். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று அன்று எண்ணிப் பார்த்ததில்லை. பெஸ் மயர்சன் வென்ற ஆண்டில்தான் பரிசாகக் கல்வி உதவித்தொகை 5,000 டாலர் வைத்தார்கள். மேலே படிக்கப் பணம் வேண்டும்; இசை பயிலப் பணம் வேண்டும்; எளிய குடும்பத்துப் பெண்ணுக்கு அன்று அவ்வளவு தொகையை எந்தத் தொழில் தரும்? எந்தக் கடன் நிலையம் தரும்? படிக்க விரும்பிய பெண்ணை முதலில் நீச்சலுடையில் நடந்து காட்டு என்று சொன்ன சமுதாயத்தை விட்டுவிட்டு, நடந்தவளைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

இவை அத்தனையையும் அந்த மாணவியிடம் ஒரே மாலையில் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளாயிற்று. கேட்டுவிட்டு ஏட்டைத் திறந்தாள். கிகி ஆக்கன்சன், ஆர்மி கூசெலா என்ற பெயர்களுக்குக் கீழே யோலண்ட் பெட்பீசு என்று எழுதிக்கொண்டாள். "இது போட்டியில் கேட்பார்களா ஐயா?" என்றாள். கேட்க மாட்டார்கள் என்றேன். "இருக்கட்டும்" என்று மூடி வைத்துக்கொண்டு போனாள்.